வளைகுடா வேலை விசா

வளைகுடா வேலை விசா என்பது சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளில், குறிப்பிட்ட ஒரு முதலாளியிடம் குறிப்பிட்ட காலத்திற்கு வேலை செய்ய வெளிநாட்டவருக்கு வழங்கப்படும் நுழைவிசைவு ஆகும். பெரும்பாலும் இது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்கப்படும். எத்தனை முறை புதுப்பித்தாலும் அது தற்காலிக அனுமதியே. வேலை முடிந்தால் அந்நாட்டில் தங்கும் உரிமையும் அதனோடு முடிகிறது.

தமிழ்நாட்டிலிருந்து இந்நாடுகளுக்குச் செல்வோரில் கட்டடத் தொழிலாளர், மின்பணியாளர், பற்றவைப்பவர், ஓட்டுநர், சமையல்காரர், வீட்டுப் பணியாளர், செவிலியர் எனப் பல தொழிலினர் உள்ளனர். இவர்களுள் பலர் பயணச் செலவுக்காக நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ செல்கின்றனர். ஆகையால் விண்ணப்பத்தில் நேரும் ஒரு பிழை அவரோடு நிற்பதில்லை; ஊரில் உள்ள குடும்பமே அதற்கு வட்டி கட்டுகிறது.

ஒரு சொல், பல தாள்கள்

"விசா வந்துவிட்டது" என்று ஊரில் சொல்லும்போது, உண்மையில் கைக்கு வந்திருப்பது எந்தத் தாள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வேலைக்கான முன்மொழிவுக் கடிதம், நுழைவு அனுமதி, பணி அனுமதி, வசிப்பிட அனுமதி, இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி ஆகிய ஐந்தும் வெவ்வேறானவை. இவற்றை வழங்கும் அலுவலகங்களும் வெவ்வேறு. பேச்சுவழக்கில் ஐந்துக்கும் விசா என்ற ஒரே பெயர் வழங்குவதால், ஒன்றைக் காட்டி மற்ற நான்கும் இருப்பதாக நம்பவைப்பது எளிதாகிவிடுகிறது.

நுழைவு அனுமதி என்பது விமான நிலையக் கதவைத் திறக்கும் தாள் மட்டுமே. பணி அனுமதி, எந்த நிறுவனத்தில் என்ன வேலை என்பதைக் கூறுவது. வசிப்பிட அனுமதியைச் சவூதியில் இகாமா என்பர். அங்குள்ள தமிழர் வாயில் அது 'அக்காமா' ஆகிவிட்டது. சம்பளம், வேலை நேரம், விடுப்பு, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றைப் பற்றி இந்த அனுமதிகளைக் கொண்டு வழக்காட இயலாது. அதற்குத் துணை நிற்பது பணி ஒப்பந்தம் ஒன்றே. விண்ணப்பிப்பவர்கள் விசாவின் வண்ணப் படியைப் பத்திரப்படுத்துகிறார்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். இது தலைகீழான வழக்கம்.

கடவுச்சீட்டும் குடிபெயர்வுச் சோதனையும்

இந்தியாவிலிருந்து வேலைக்காக வெளிநாடு செல்வதை 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. இதற்கு முன்பிருந்தது 1922 ஆம் ஆண்டின் சட்டம். இப்போதைய சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்களின் கடவுச்சீட்டில், சில விதிவிலக்குகள் தவிர, குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறிக்கப்படும். இதுவே இ.சி.ஆர். கடவுச்சீட்டு. இத்தகைய கடவுச்சீட்டு உள்ளவர் மேற்சொன்ன ஆறு நாடுகளோடு மலேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான் முதலியவற்றையும் சேர்த்துப் பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். இவ்வலுவலகம் சென்னையிலும் உண்டு. விண்ணப்பம் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையத்தளம் வழியாகவே நடைபெறுகிறது.

இந்தக் குறியை ஓர் இழுக்காகவே பலர் எண்ணுகின்றனர். 2018 சனவரியில் இ.சி.ஆர். கடவுச்சீட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை தருவதாக அரசு அறிவித்தபோது, படிக்காதவர்களைப் பிரித்துக் காட்டுவது என்று எதிர்ப்பு எழுந்தது. அம்மாத இறுதியிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் சோதனை என்பது வேறு, நிறம் என்பது வேறு. இந்திய மண்ணில் தொழிலாளியின் ஒப்பந்தத்தை அரசுத் தரப்பில் ஒருவர் எடுத்துப் பார்க்கும் ஒரே இடம் இந்தச் சோதனைதான். வெளிநாட்டு முதலாளி இ-மைக்ரேட்டில் பதிந்திருக்கிறாரா, ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு, ஆட்களை அனுப்பும் முகவருக்கு உரிமம் உண்டா, காப்பீடு எடுக்கப்பட்டதா என்பவை அங்கே பார்க்கப்படுகின்றன.

அந்தக் காப்பீட்டின் பெயர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனம் நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைக்கும். இவ்வளவு குறைந்த தொகைக்கு இவ்வளவு பெரிய பாதுகாப்பு வேறு எதிலும் எளிதில் கிடைப்பதில்லை. குடிபெயர்வு அனுமதி இல்லாமல் குறுக்குவழியில் சென்றவரின் குடும்பத்திற்கு இது கிடைக்காமல் போகிறது.

பத்தாம் வகுப்பில் ஓரிரு பாடங்களில் தவறிப் பள்ளியை விட்டவர், தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றால் இ.சி.ஆர். குறி இல்லாத கடவுச்சீட்டைப் பெறலாம். வெளிநாடு செல்லும் எண்ணம் உள்ள இளைஞர் பலருக்கு இச்செய்தி தெரிவதே இல்லை. முகவரிடம் பணம் கட்டிய பிறகுதான் மதிப்பெண் பட்டியலைத் தேடுகின்றனர். ஆனால் குறி நீங்கினால் சோதனையும் நீங்கும். அவருடைய ஒப்பந்தத்தை இந்தியாவில் எவரும் கட்டாயமாகப் பார்க்கப்போவதில்லை. அதை அவரே படித்தாக வேண்டும்.

முகவரும் கட்டணமும்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலும் உரிமம் காலாவதியானவர்களின் விவரமும் இ-மைக்ரேட் தளத்தில் உள்ளன. உரிம எண்ணைக் கேட்டு, அந்தப் பட்டியலில் தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. உரிமம் பெற்ற முகவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராக ஆள் பிடிக்கும் துணை முகவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

முகவர் தொழிலாளியிடம் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான 18 விழுக்காடு வரியும் ஆகும். மொத்தம் 35,400 ரூபாய். இதற்கு ரசீது தர வேண்டும். இதற்கு மேல் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவர், "விசாவை அரபியிடம் விலைக்கு வாங்கினோம்" என்று காரணம் சொல்வது வழக்கம். இக்காரணம் செல்லாது. சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40 ஆம் பிரிவு ஆள் வரவழைக்கும் செலவையும், இகாமா, பணி அனுமதி ஆகியவற்றின் கட்டணத்தையும் முதலாளியின் பொறுப்பாகவே வைத்துள்ளது. அமீரகத்தில் 2022 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள தொழிலாளர் சட்டமும் ஆளெடுப்புச் செலவை நேராகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிக்கத் தடை விதிக்கிறது.

'ஃப்ரீ விசா' என்று ஒன்று நெடுநாளாகப் பேச்சில் உள்ளது. பெயரில் இருக்கும் இலவசமும் அதில் இல்லை, விடுதலையும் அதில் இல்லை. கஃபீல் எனப்படும் பொறுப்பாளர் தம்மிடம் வேலையே இல்லாதபோதும் தம் பெயரில் விசா எடுத்து விற்கிறார். வாங்கியவர் வெளியே கிடைத்த இடத்தில் வேலை செய்துகொண்டு கஃபீலுக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறார். விசாவில் பெயருள்ள முதலாளியை விட்டுப் பிறரிடம் அனுமதியின்றி வேலை செய்வது குற்றமாதலால், சோதனையில் பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது தொழிலாளியே. கஃபீல் புதுப்பிக்க மறுத்தால் அக்காமா காலாவதியாகி, வளைகுடாத் தமிழர் பேச்சில் 'கல்லிவல்லி' ஆள் ஆகிவிட நேரும். விட்டுத்தள்ளு என்று பொருள்படும் அரபுப் பேச்சுவழக்குச் சொல், தாளில்லாமல் திரியும் மனிதருக்கே பெயராகிவிட்டது.

பணி ஒப்பந்தம்

அமீரகத்தில் 2016 முதல் ஒரு நல்ல நடைமுறை உள்ளது. தொழிலாளி தம் நாட்டை விட்டுப் புறப்படும் முன்பே, அமீரக மனிதவள அமைச்சகத்தின் மாதிரிப்படி அமைந்த முன்மொழிவுக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டும். அது அரபியிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் அமையலாம். அமைச்சகம் தரும் மொழிகளில் தமிழும் ஒன்று. பின்னர் போடப்படும் ஒப்பந்தம், தொழிலாளிக்குப் பாதகமாக இக்கடிதத்திலிருந்து மாறக்கூடாது. தமிழ்ப் படி வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. கேட்டபின் "அதெல்லாம் வெறும் சடங்கு, கீழே கையெழுத்துப் போடு" என்று அவசரப்படுத்தும் முகவரிடம் எச்சரிக்கை தேவை.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது மொத்தச் சம்பளம் அன்று, அடிப்படைச் சம்பளம். இரண்டு மின்பணியாளர்களுக்கு மாதம் 1,500 திர்ஹாம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாகக் கொள்வோம். முதலாமவருக்கு அடிப்படை 1,200, படிகள் 300. இரண்டாமவருக்கு அடிப்படை 800, படிகள் 700. மாத முடிவில் இருவரும் பெறுவது ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அமீரகச் சட்டத்தில் மிகைநேர ஊதியமும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன.

மாதம் 30 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று கணக்கிட்டால், முதலாமவரின் ஒரு மணி நேர அடிப்படை ஊதியம் 5 திர்ஹாம். பகல்நேர மிகைப்பணிக்கு 25 விழுக்காடு கூடுதல் என்பதால் மணிக்கு 6.25 திர்ஹாம். இரண்டாமவருக்கு 4.17 திர்ஹாம். இருவரும் மாதத்தில் 26 நாள், நாளுக்கு 2 மணி நேரம் மிகைப்பணி செய்தால், முதலாமவருக்கு 325 திர்ஹாமும் இரண்டாமவருக்கு ஏறத்தாழ 217 திர்ஹாமும் கிடைக்கும். ஐந்தாண்டில் இந்த வேறுபாடு மட்டும் 6,500 திர்ஹாம். பணிக்கொடையோ முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். ஆக முதலாமவருக்கு 4,200 திர்ஹாம், இரண்டாமவருக்கு 2,800 திர்ஹாம். ஒரே வேலை, ஒரே சம்பளம் என்று நம்பிச் சென்ற இருவருக்கிடையே ஐந்தாண்டில் 7,900 திர்ஹாம் வேறுபட்டுவிடுகிறது. எல்லாம் கடிதத்தின் ஒரே ஒரு வரியால்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பணியின் பெயர். மின்பணியாளர் என்று பேசி, விசாவில் துப்புரவாளர் என்றோ சாதாரணத் தொழிலாளர் என்றோ இருந்தால், "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பதை நம்பக்கூடாது. சம்பளம் விசாவில் உள்ள பணியைத்தான் பின்பற்றும், வாக்குறுதியை அன்று. தங்குமிடம், உணவு, மருத்துவம், ஊருக்கு வந்துபோகும் பயணச்சீட்டு ஆகியவற்றை யார் தருவது, தகுதிகாண் காலம் எவ்வளவு என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். அமீரகத்தில் தகுதிகாண் காலம் ஆறு மாதத்தை மீறக்கூடாது.

கத்தார் இவ்வேலையை மேலும் எளிதாக்கியுள்ளது. 2019 இல் அந்நாடு சென்னை உட்பட இந்தியாவின் ஏழு நகரங்களில் விசா மையங்களைத் திறந்தது. மருத்துவச் சோதனை, கைரேகைப் பதிவு, ஒப்பந்தக் கையொப்பம் ஆகியவை அங்கேயே முடிகின்றன. தோகாவில் இறங்கியபின் வேறொரு ஒப்பந்தத்தை நீட்டும் பழைய தந்திரத்திற்கு இது ஒரு தடை.

மருத்துவச் சோதனையும் சான்றிதழ்களும்

வளைகுடா நலவாழ்வு மன்றம் ஏற்றுக்கொண்ட மையங்களில் மட்டுமே சோதனை செய்துகொள்ள வேண்டும். முன்பு 'காம்கா' எனப்பட்ட இம்முறை இப்போது 'வாஃபித்' என்ற இணையத்தளம் வழியாக நடைபெறுகிறது. காசநோய், எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி ஆகியவை முக்கியமாகப் பார்க்கப்படும். எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு மார்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிந்தாலும் தகுதியின்மை என்று முடிவாகலாம். பணம் கொடுத்துத் 'தகுதி' என்று எழுதி வாங்குவதில் பயனில்லை. அந்நாட்டில் இறங்கியபின் மறுபடி சோதனை உண்டு. அதில் தவறினால் வாங்கிய கடனோடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே முகவருக்குப் பணம் கட்டும் முன், உள்ளூரிலேயே ஒரு மார்புப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

கல்வித் தகுதி கேட்கும் பணிகளுக்குச் சான்றிதழ்களை மாநில அரசும் வெளியுறவு அமைச்சகமும் சான்றொப்பமிட வேண்டும். அமீரகம் போன்ற நாடுகளுக்குத் தூதரகச் சான்றும் வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். சவூதி சில கைத்தொழில்களுக்குத் திறன் தேர்வையும் வைத்துள்ளது.

சுற்றுலா விசாவில் செல்வது

இ.சி.ஆர். கடவுச்சீட்டு உள்ளவரும் சுற்றுலா செல்ல குடிபெயர்வு அனுமதி பெறத் தேவையில்லை. ஆள் அனுப்புவோர் நுழையும் ஓட்டை இதுவே. "விசிட் விசாவில் போ, அங்கே வேலை விசாவாக மாற்றிவிடுவார்கள்" என்று சொல்லப்படும்போது, ஒப்பந்தம், காப்பீடு, முதலாளியின் பதிவு, முகவரின் பொறுப்பு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் காணாமற்போகின்றன. விமான நிலைய அலுவலர் கேட்டால் சுற்றிப்பார்க்கப் போவதாகச் சொல்லுமாறு பாடம் புகட்டப்படும். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு, ஏமாற்றப்பட்டதாகப் புகார் செய்யவும் தொழிலாளிக்கு நா எழுவதில்லை.

சுற்றுலா விசாவில் வேலை செய்வது அந்நாடுகளில் குற்றம். அமீரகம் 2024 இல் திருத்திய சட்டப்படி, பணி அனுமதியின்றி ஆள் வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை தண்டம் விதிக்கப்படும். வளைகுடாவுக்கு வெளியே இவ்வழி இன்னும் கொடியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சுற்றுலா விசாவில் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, 2022 இல் மீட்டு வரப்பட்டனர். அவர்களில் பட்டதாரிகளும் இருந்தனர். ஏமாறுவோர் படிக்காதவர் மட்டுமே என்பது தவறான எண்ணம்.

பெண்கள்

இ.சி.ஆர். கடவுச்சீட்டு உள்ள பெண்கள் மேற்சொன்ன 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும். 2016 முதல் அவர்களை அரசு ஆளெடுப்பு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்வது 1978 இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஆண்களும் இந்நிறுவனத்தில் பதிவு செய்யலாம். வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண், நான்கு சுவருக்குள் தனியே இருப்பதால், முதலாளியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒப்பந்தப் படியோடு ஊரில் உள்ள ஒருவரிடம் கொடுத்துச் செல்வது மிகத் தேவை.

இலங்கையிலிருந்து செல்வோருக்கு நடைமுறை வேறு. அங்கு 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் புறப்படும் முன் பதிவு செய்ய வேண்டும்.

இறங்கிய பின்

நுழைவு அனுமதியில் நாட்டுக்குள் சென்றவருக்கு மருத்துவச் சோதனை, கைரேகைப் பதிவு ஆகியவை முடிந்தபின் வசிப்பிட அட்டை கிடைக்கும். சவூதியில் இகாமாவை 90 நாளுக்குள் முதலாளி எடுத்துத் தர வேண்டும். அட்டை கையில் வரும் வரை தொழிலாளியின் நிலை உறுதியற்றதே. நாள் தள்ளிக்கொண்டே போனால் வாய் திறந்து கேட்க வேண்டும்.

கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் பரவலாக உள்ளது. இந்தியக் கடவுச்சீட்டு, சட்டப்படி இந்திய அரசின் உடைமை. அமீரகச் சட்டமும் தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்து வைப்பதைத் தடை செய்கிறது. கேட்டு வாங்க இயலாத சூழலில், முன்பக்க, பின்பக்கப் படிகளையாவது தொலைபேசியிலும் வீட்டாரிடமும் வைத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு இல்லாமலே இந்தியத் தூதரகத்தை அணுகலாம். எண் தெரிந்தால் வேலை விரைவாகும். 2015 இல் தொடங்கப்பட்ட 'மதத்' என்ற இணையத்தளத்தில் தொழிலாளியோ ஊரில் உள்ள உறவினரோ குறையைப் பதியலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறையும் இத்தகைய முறையீடுகளை ஏற்கிறது.

பணி முடிந்து திரும்பும்போது விசா நீக்கம் செய்யப்படும். அதற்கான தாளில், வரவேண்டிய தொகை எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்ற வாசகமும் இருப்பதுண்டு. ஊருக்குப் போகும் மகிழ்ச்சியில் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் பணிக்கொடையை இழந்தவர் உண்டு. அமீரகச் சட்டப்படி ஓராண்டு நிறைந்த எவருக்கும் பணிக்கொடை உரியது. ஐந்தாண்டுக்குப் பின்வரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 30 நாள் அடிப்படைச் சம்பளமாக உயரும். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் முதலாளி கணக்கைத் தீர்க்க வேண்டும். பயன்படுத்தாத விடுப்புக்கான தொகையும் இக்கணக்கில் சேரும். நீக்கத் தாளில் கையொப்பமிடும் முன், தொகை வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.